மிதிவண்டியும் கூடாரமும்: கொங்கணக் கடற்கரை காட்டும் வழி

சுற்றுலா வளர்ச்சி என்றவுடன் விமான நிலையம், பெரிய தங்கும் விடுதி, அகன்ற நெடுஞ்சாலை ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. இவை தேவையானவையே. ஆயினும், ஒரு பயணி செலவிடும் பணத்தில் எவ்வளவு அவர் கடந்து செல்லும் கிராமங்களில் தங்குகிறது என்ற கேள்விக்கு இவை மட்டும் விடையளிப்பதில்லை. மிகக் குறைந்த முதலீட்டில் கிராமத்தாரின் கைக்கு நேராகப் பணம் சேர்க்கும் பயண முறை ஒன்று உண்டு. கூடாரத்தையும் மாற்று உடைகளையும் மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு சில நாட்கள் பயணம் செய்வதே அது. மலையும் கடலும் நெருங்கி நிற்கும் மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கடற்கரை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

நில அமைப்பு

சஹ்யாத்ரி மலைத்தொடருக்கும் அரபிக் கடலுக்கும் இடைப்பட்ட குறுகிய நிலப்பகுதியே கொங்கணம். இங்குச் செம்புரைக்கல் மேட்டு நிலங்கள் கடல்வரை நீண்டு முனைகளாக முடிகின்றன. இரு முனைகளுக்கு இடையே சிறு மணற்கரை. அதன் பின்னே தென்னையும் கமுகும் அடர்ந்த தோட்டங்கள். அவற்றை ஒட்டி ஊர். மலையிலிருந்து வரும் ஆறுகள் கடலைச் சேருமிடத்தில் அகன்ற கழிகள் நிலத்தினுள் நெடுந்தூரம் புகுந்துள்ளன. ஆகவே, கரையோரச் சாலை ஒவ்வோர் ஊருக்கும் இறங்கி, மீண்டும் மேட்டில் ஏறுகிறது. ஓர் ஏற்றம் நூறு மீட்டர் உயரமே இருக்கலாம். ஒரே நாளில் அத்தகைய ஐந்து ஏற்றங்கள் குறுக்கிட்டால் ஐந்நூறு மீட்டர் மலையேறிய உழைப்பு தேவைப்படும்.

இதே நில அமைப்பின் காரணமாகப் பெருவழிகள் கடலை விட்டு விலகிச் சென்றன. தேசிய நெடுஞ்சாலை 66, 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் இரயில் பாதை ஆகிய இரண்டும் பெரும்பாலும் உட்பகுதியிலேயே அமைந்துள்ளன. கரையோர ஊர்களின் ஆண்மக்கள் பல தலைமுறைகளாகப் பம்பாய் நூற்பாலைகளுக்கு வேலை தேடிச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தைக் கொண்டே குடும்பங்கள் வாழ்ந்தமையால், இப்பகுதியின் நிலையை ‘மணியார்டர் பொருளாதாரம்’ என்று குறிப்பிடும் வழக்கம் ஏற்பட்டது. 1982-இல் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்திற்குப் பின்னர் அந்த ஊன்றுகோலும் தளர்ந்தது. உள்ளூரிலேயே வருவாய் தேடும் தேவை இதனால் மிகுந்தது.

ஆறு நாள் பயணம்

மும்பையிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 முதல் வாகனங்களை ஏற்றிச் செல்லும் கப்பல் இயங்குகிறது. அங்குத் தொடங்கி நாளொன்றுக்கு 40 முதல் 60 கி.மீ. வரை சென்றால், ஆறு நாட்களில் கண்பதிபுளேயை அடையலாம். முதல் நாள் அலிபாக், ரேவ்தண்டா வழியாகக் காஷித். இரண்டாம் நாள் கடல் நடுவே ஜஞ்சிராக் கோட்டை நிற்கும் முருட் ஊரைக் கடந்து திவேஆகர். மூன்றாம் நாள் ஸ்ரீவர்தன், ஹரிஹரேஷ்வர் வழியாக வேளாஸ். நான்காம் நாள் ஹர்ணை. ஐந்தாம் நாள் குஹாகர். ஆறாம் நாள் கண்பதிபுளே எனப் பயணத்தை வகுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து ரத்னகிரி சென்று இரயிலில் திரும்பலாம்.

வழியில் அகர்தண்டா–திகி, பாக்மாண்ட்லா–வேஷ்வி, தாபோல்–தோபாவே, தவ்சாள்–ஜெய்கட் ஆகிய நான்கு இடங்களில் படகில் கழியைக் கடக்க வேண்டும். ஹர்ணையின் மாலைநேர மீன் ஏலமும் அதன் எதிரே கடலில் உள்ள சுவர்ணதுர்க்கமும் காணத்தக்கவை. 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டின் செஞ்சியுடன் சுவர்ணதுர்க்கமும் இடம்பெற்றுள்ளது.

முகாமிடும் இடம்

இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. ஆனால், பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலேயே பெய்து விடுகிறது. நுண்துளைகள் நிறைந்த செம்புரைக்கல் நீரை நீண்ட நாள் பிடித்து வைப்பதில்லை. எனவே, கோடையில் பல ஊர்களின் கிணறுகள் வற்றுகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரையே பயணத்திற்கு ஏற்ற காலம். அப்போதும் நீர் உள்ள இடமே முகாமிடும் இடத்தை முடிவு செய்கிறது.

கூடாரத்தை மணற்கரையில் அமைப்பது முறையன்று. அக்கரை மீன் உலர்த்தும் களமாகவும் வலை செப்பனிடும் இடமாகவும் பயன்படுகிறது. வேளாஸ், ஆஞ்சர்லே முதலிய கரைகளில் பங்குனி ஆமைகள் குளிர்காலத்தில் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் ஒளியை நோக்கிச் செல்லும் இயல்புடையவை. கூடார விளக்கு அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். ஆகவே, கரைக்குப் பின்னுள்ள தோப்புகளில் உரிமையாளரின் இசைவுடன் தங்குவதே ஏற்றதாகும். இடம், கிணற்று நீர், கழிப்பறை, சோறும் மீன் குழம்பும் ஆகிய அனைத்துக்கும் அக்குடும்பமே கட்டணம் பெறுகிறது. 2002-இல் தொடங்கிய ஆமைப் பாதுகாப்புப் பணியை ஒட்டி, வேளாஸ் கிராமத்தார் குஞ்சுகளைக் காண வருவோரைத் தம் வீடுகளிலேயே தங்கவைத்து வருவாய் ஈட்டி வருவது இதற்கு நல்ல சான்றாகும்.

பொருளாதார நோக்கு

காரில் செல்வோர் ஓரிரு நாட்களில் கடக்கும் தொலைவிற்கு மிதிவண்டியில் செல்வோர் ஆறு நாட்கள் எடுத்துக்கொள்கின்றனர். ஆறு இரவுகள், ஏறத்தாழப் பதினெட்டு வேளை உணவு, நான்கு படகுக் கட்டணங்கள், வழிநெடுகத் தேநீர், இளநீர், பழம், சக்கரப் பழுது ஆகிய செலவுகள் அனைத்தும் பல ஊர்களில் பிரிந்து சேர்கின்றன. அதிகச் சுமையை ஏற்றிச் செல்ல இயலாமையால் தேவையானவற்றை ஆங்காங்கே வாங்கியாக வேண்டும். தனியொருவரின் செலவு சிறியதே. பயணக் காலமும் நான்கு மாதங்களே. ஆகவே, இது மாம்பழச் சாகுபடிக்கோ மீன்பிடித் தொழிலுக்கோ மாற்றாகாது. அவற்றுடன் சேரும் துணை வருவாயாகும். எனினும் இதற்கெனக் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை என்பது சிறு குடும்பத்திற்குப் பெரிய வசதி.

பாலங்கள் வரும்போது

நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்த ரேவஸ்–ரெட்டி கடலோர நெடுஞ்சாலையை உருவாக்கி, கழிகளின் குறுக்கே பாலங்கள் அமைக்கும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு மேற்கொண்டுள்ளது. நோயாளி விரைவில் மருத்துவமனையை அடையவும் மீனும் மாம்பழமும் கெடாமல் சந்தைக்குச் செல்லவும் பாலங்கள் இன்றியமையாதவை. ஆனால், விரைவாகச் செல்லும் வாகனம் வழியிலுள்ள ஊர்களில் நிற்பதில்லை. படகுத்துறையில் காத்திருக்கும் பயணியை நம்பிய தேநீர்க் கடைகளும் சிற்றுணவகங்களும் முதலில் பாதிக்கப்படும்.

இதற்குரிய பரிகாரம் பெருஞ்செலவு பிடிப்பதன்று. பாலங்களிலும் சாலை ஓரங்களிலும் மிதிவண்டிக்கெனச் சிறு தடம் ஒதுக்கலாம். பழைய கரையோரச் சாலைகளைப் பேணி, ஊர்ப்பெயர்ப் பலகைகளை அமைக்கலாம். கடற்கரையில் கழிப்பறை, குடிநீர் வசதி போன்ற தற்காலிக அமைப்புகளுக்கு 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இடமளிக்கிறது. முகாமிடத் தகுந்த தோப்புகளின் பட்டியலைக் கிராமப் பஞ்சாயத்தே வெளியிடலாம். இவை சாலைப் பணியின் திட்ட மதிப்பீட்டிலேயே இடம்பெறுதல் வேண்டும். பணி முடிந்த பின் சேர்ப்பது கடினம். கழியைக் கடக்கும் நேரம் குறைவது முன்னேற்றமே. அம்முன்னேற்றத்தின் பயன் கழியின் இரு கரையிலும் வாழ்வோரையும் சென்றடையுமாறு திட்டமிடுவது நிர்வாகத்தின் பொறுப்பாகும்.