பொல்லாதவன் பல்சரும் தம்பியோட தாரும்

2007-ல வந்த 'பொல்லாதவன்' எனக்கு இன்னைக்கும் பிடிச்ச மாஸ் படம். வெற்றிமாறன் பைக்கை வெறும் கெத்துக்காக வைக்கல. அந்த பல்சராலதான் தனுஷுக்கு வேலையே கிடைக்கும். அதனாலதான் அது திருடு போறப்ப நமக்கும் வலிக்குது. ஆனா என் ஆடிட்டர் புத்தி கேட்குது: இன்சூரன்ஸ் என்னாச்சு? (தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா திருட்டுக்கு ஒத்தப் பைசா வராது.)

கோவில்பட்டியில என் சித்தப்பா பையன் தார் வாங்கப் போறான். மழை பெஞ்ச கரிசக்காட்டுல ஓட்ட ஃபோர் வீல் டிரைவ் வேணுமாம். வேலை பாக்குறது சென்னையில!

கணக்கு போடுவோம். விலை 15 லட்சம், லோன் 13.5 லட்சம், வட்டி 9%, 7 வருஷம். இஎம்ஐ சுமார் 21,720 ரூபாய். ரெண்டு வருஷம் முடிஞ்சதும் வண்டி திருடு போச்சுன்னு வைங்க. 30% தேய்மானம் போக இன்சூரன்ஸ் மதிப்பு, அதாவது ஐடிவி, 10.5 லட்சம். பேங்க் பாக்கி சுமார் 10.46 லட்சம். கிளெய்ம் பணம் அப்படியே பேங்குக்குப் போயிடும். அதுவரை கட்டின 5.2 லட்சம் இஎம்ஐயும், 1.5 லட்சம் முன்பணமும் காலி.

'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' ஆட்-ஆன் எடுத்திருந்தா இன்வாய்ஸ் விலையே கிடைக்கும். பெரும்பாலும் முதல் சில வருஷத்துக்குத்தான் தருவாங்க. பெரிய டயர், விஞ்ச் எல்லாம் மாட்டினா இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி பாலிசியில ஏத்திடுங்க.

தம்பிகிட்ட பாலிசி கொட்டேஷன் கேட்டேன். கலர் போட்டோ அனுப்பியிருக்கான்.