கையொப்பமிட்ட அரூபக் கல்லச்சுப் படம்: சிவகாசி அச்சு மரபின் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கலைஞர் கையொப்பமிட்ட அரூபக் கல்லச்சுப் படமும் சிவகாசி நாட்காட்டிப் படமும் ஒரே அச்சு நெறியின் வழிவந்தவை. கையொப்பம் இடம்பெறும் முறை இவ்விரண்டையும் எவ்வாறு வேறுபடுத்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்லச்சு, மினிமலிசம், கையொப்பம், நாட்காட்டிப் படம், சிவகாசி

முன்னுரை

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் பட்டாசுத் தொழிலால் அறியப்படும் ஊர். பட்டாசுப் பெட்டிகளுக்கான வண்ண உறைகளையும் லேபிள்களையும் இவ்வட்டாரத்து ஆப்செட் அச்சகங்கள் அச்சிடுகின்றன. 1920களில் தீப்பெட்டித் தொழில் இங்கு வேரூன்றியபோது எழுந்த லேபிள் தேவை, அச்சுத்தொழிலையும் வளர்த்தது. 'லித்தோ' என்னும் சொல்லைப் பெயரில் தாங்கிய அச்சகங்கள் சிவகாசியில் இன்றும் உள்ளன. எனினும், கலைக்கூடத்தில் சட்டமிடப்படும் கல்லச்சுப் படத்தை இம்மரபோடு இணைத்து நோக்கும் வழக்கம் குறைவு.

கல்லச்சின் நெறி

1796 அளவில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த இம்முறை, எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவாமையை அடிப்படையாகக் கொண்டது. சுண்ணாம்புக்கல்லின் பரப்பில் கொழுப்புச் சேர்ந்த மையால் வரைந்து, வேலம்பிசினும் சிறிதளவு நைட்ரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசுவர். பின்னர்க் கல்லை ஈரமாக்கி மையுருளையை உருட்டினால், வரைந்த இடம் மட்டுமே மையை ஏற்கும். இதில் எழுத்துகளைப் போல மேடு பள்ளம் இல்லை. ஆப்செட் முறையில் கல்லுக்கு மாற்றாக உலோகத் தகடு அமைகிறது. படிமம் ரப்பர் விரிப்பின் வழியே தாளுக்குச் செல்கிறது. அடிப்படை நெறி மாறுவதில்லை.

கையொப்பத்தின் இரு நிலைகள்

கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவின் (1898–1976) தெய்வ ஓவியங்கள் நாட்காட்டிகளின் வழியே இல்லந்தோறும் சென்றன. அவற்றில் ஓவியரின் பெயர் படத்திற்குள்ளேயே இடம்பெறும். எத்தனை படிகள் அச்சானாலும் அதுவும் உடன் அச்சாகும். ஆகவே அக்கையொப்பம் மூல ஓவியத்திற்கே சான்று, தனிப்படிக்கு அன்று.

கலைஞர் பதிப்பில் கையொப்பம் பெரும்பாலும் படத்திற்கு வெளியே, கீழ் ஓரத்தில், அச்சான பின்னர்ப் பென்சிலால் இடப்படுகிறது. அருகில் 12/50 போன்ற எண் இருக்கும். மொத்தம் 50 படிகள், இது 12ஆம் எண்ணுடையது என்பது பொருள். அச்சான வரிசையை அவ்வெண் குறித்தாக வேண்டும் என்பதில்லை. பதிப்பு முடிந்தபின் கல்லிலுள்ள படிமம் அழிக்கப்படும். வரம்பற்றுப் பெருகக்கூடிய ஒன்றுக்குக் கலைஞர் தாமே இடும் வரம்பு இது.

மினிமலிசமும் கையின் தடமும்

1960களில் நியூயார்க்கில் வலுப்பெற்ற மினிமலிசம், கலைஞரின் தூரிகைத் தடத்தையும் உணர்ச்சி வெளிப்பாட்டையும் விலக்கி, எளிய வடிவத்தையும் சமநிற வண்ணத்தையும் முன்னிறுத்தியது. அதற்கு நெருங்கிய முன்னோடியான யோசெஃப் ஆல்பர்ஸ் 1966இல் சதுரங்களுக்குள் சதுரங்களாக அமைந்த 'வெண்கோட்டுச் சதுரங்கள்' என்னும் கல்லச்சு வரிசையை உருவாக்கினார். இத்தகைய படத்தில் கலைஞரின் கை நேரடியாகப் புலப்படும் ஒரே இடம் கையொப்பமாகவே எஞ்சுகிறது. கையை மறைத்த கலைக்குக் கையெழுத்தே சான்றாவது இதன் முரண்.

அமெரிக்காவில் கல்லச்சுக் கலையை மீட்டெடுத்தவர்களுள் ஜூன் வேன் முதன்மையானவர். அவர் 1960இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நிறுவிய டாமரிண்ட் பட்டறை, 1970இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிறுவனமாயிற்று. தேவகோட்டையில் 1957இல் பிறந்து, சென்னை அரசு கலை, கைத்தொழில் கல்லூரியில் பயின்ற ஆர். எம். பழனியப்பன் 1991இல் அங்குக் கல்லச்சில் உயர்பயிற்சி பெற்றார். அவரை மினிமலிச வகைக்குள் முழுமையாக அடக்க இயலாது. எனினும் இயக்கத்தின் தடமாகக் கோட்டைக் கருதும் அவரது அரூபப் படைப்புகள், அந்தச் சிக்கனத்தோடு ஒப்புநோக்கத்தக்கன.

முடிவுரை

உருப்பெருக்கியின்கீழ் ஆப்செட் மறுபதிப்பில் ஒழுங்கான புள்ளிவலை தெரியும். கல்லில் வரைந்த படத்தில் ஒழுங்கற்ற மணித்தன்மை தெரியும். கையொப்பத்தை இச்சான்றோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். அது மட்டும் போதாது.

டாமரிண்ட் பதிப்புகளில் மையின்றி அழுத்திய முத்திரை வழியாக அச்சிட்டவரும் அடையாளம் பெறுகிறார். வண்ணம் வண்ணமாகப் பிரித்துக் கல்லில் வரைந்த நம் வட்டாரத்து அச்சோவியர்க்கோ அத்தகைய முத்திரை இல்லை. நாட்காட்டியில் ஓவியர் பெயர் எஞ்சியது. பொறியருகே நின்றவர் பெயர் எஞ்சவில்லை. மூத்த அச்சுத் தொழிலாளரின் வாய்மொழியைப் பதிவுசெய்வது அவ்விடைவெளியை ஓரளவேனும் நிரப்பும். அது காலம் தாழ்த்தக்கூடாத ஆய்வுப்பணியாகும்.