தரையில் அறுந்த ஸ்டட்

காரின் முன் சீட் ஒவ்வொன்றையும் தரையோடு பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் நான்கே இணைப்புகள். சில கார்களில் இவை தரைத்தகட்டில் வெல்ட் செய்த நட்டுக்குள் இறங்கும் போல்ட்டுகள். வேறு சிலவற்றில் தகட்டிலிருந்தோ சீட் நகரும் றெயிலிலிருந்தோ நீட்டிக்கொண்டு நிற்கும், தலையில்லாத மரைத்தண்டுகள். கராஜில் இவற்றை ஸ்டட் என்பார்கள். ஒன்று அறுந்தாலும் சீட் விழுந்துவிடாது. பிரேக் பிடிக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம், வளைவில் இலேசான ஆட்டம், அவ்வளவுதான். அதனாலேயே மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. அதற்குள் மற்ற மூன்றும் கூடுதல் பாரத்தைத் தாங்கித் தேய்ந்துவிடுகின்றன.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களைக் கைவிட வழியில்லை. மோரிஸ் மைனரும் நிசான் சன்னியும் பழைய கொரோலா வேகனும் திருத்தித் திருத்தியே ஓடின. உதாரணமாக, மாத்தளை மாவட்டத்தின் காலநிலையும் பாதைகளும் இந்த ஸ்டட்டுகளுக்கு நல்லவை அல்ல. தம்புள்ளைப் பக்கம் வறட்சியானது. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் நோக்கி ஏறினால் மழையும் பனிமூட்டமும். ஈரச் சேறோடு ஏறும் காலணிகள் கார்ப்பெட்டின் அடிப்பஞ்சை நனைக்கின்றன. மேலே காய்ந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். கறள் அங்கேதான் தொடங்கும். எல்கடுவப் பாதை போன்ற வளைவுகளில் சீட் இடமும் வலமும் இழுபடுவது மிச்ச வேலையை முடித்துவைக்கும்.

திருத்த இறங்குமுன் அறுந்த முகத்தைப் பார்ப்பது நல்லது. முகம் முழுவதும் ஒரே பளபளப்பாக இருந்தால், அளவுக்கு மீறி முறுக்கியதாலோ ஒரே அடியிலோ அறுந்திருக்கலாம். பாதி கறுத்து, மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் கோடுகள் ஓடி, மீதி மட்டும் புதிதாக மின்னினால் அது களைப்பு முறிவு: நட் தளர்ந்து, ஆட்டத்தில் வெடிப்பு மெதுவாக வளர்ந்து, கடைசியில் அறுந்திருக்கிறது. அப்படியானால் கூட இருந்த மூன்றும் அதே ஆட்டத்தை அனுபவித்தவைதான். அவற்றையும் மாற்றுவதே புத்தி. சுற்றிலும் தகடு பொருக்குவிட்டிருந்தால் பழுது ஸ்டட்டில் இல்லை, தரையில்.

முதலில் பற்றரியின் மறை முனையைக் கழற்ற வேண்டும். பக்க எயார்பேக் உள்ள சீட்டென்றால் அதன் வயர்களைத் தொடுவதற்கு முன் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். சீட்டை வெளியே எடுத்து, கார்ப்பெட்டை விலக்கி, காரின் அடியிலும் பார்க்க வேண்டும். பெற்றோல் குழாயும் பிரேக் குழாயும் பல கார்களில் அந்த இடத்துக்கு நேர் கீழேதான் ஓடும்.

மிஞ்சிய துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வேலை சுலபம். கறள் இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, பிடிகுறடால் முன்னும் பின்னுமாகத் திருப்பலாம். மசியாவிட்டால் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் வெல்ட் செய்து, சூடு அடங்கியதும் ஸ்பானரால் திருப்புவார்கள். இங்கே உதவுவது நட் மட்டுமல்ல, வெல்டிங்கின் சூடும்தான்: விரிந்து சுருங்கும்போது கறளின் பிடி உடைகிறது. தகட்டோடு மட்டமாக அறுந்த துண்டைத் துளைத்தே எடுக்க வேண்டும். நடுவில் புள்ளி குத்தி, 3 மில்லிமீற்றர் அலகால் தொடங்கி, படிப்படியாகப் பெருப்பிக்க வேண்டும். புள்ளி ஓரமாக விழுந்தால் மரையும் போய்விடும். துளைக்குள் இறக்கித் திருப்பும் 'ஈசி அவுட்' அவசரக்காரருக்கு ஆகாது. அது கடினப்படுத்திய உருக்கு, உள்ளேயே ஒடிந்தால் சாதாரண அலகால் துளைக்கவே முடியாது.

மரை கெட்டிருந்தால் புதிதாக வெட்ட வேண்டும். 8 மில்லிமீற்றர் சாதாரண மரைக்கு 6.8 மில்லிமீற்றர் துளை. ஜப்பானிய கார்களில் வழக்கமான, 1.25 இடைவெளி கொண்ட 10 மில்லிமீற்றர் மரைக்கு ஏறக்குறைய 8.8. பழைய பிரித்தானிய கார்களில் ஒரு பொறி இருக்கிறது. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீற்றர், பார்வைக்கு 8 மில்லிமீற்றரேதான். ஆனால் மரையின் இடைவெளி வேறு. 8 மில்லிமீற்றர் நட் ஓரிரு சுற்றுப் போய் இறுகும். பலவந்தம் செய்தால் இரண்டும் பாழ்.

கடையில் நீளமாக விற்கும் மரைக்கம்பியை வெட்டிப் போடுவது பலர் செய்யும் வேலை. அந்தக் கம்பிகள் பெரும்பாலும் மென் உருக்கு. சீட்டுக்குக் குறைந்தது 8.8 தரம் வேண்டும்; போல்ட்டின் தலையில் அந்த எண் பொறித்திருக்கும். ஐக்கிய நாடுகளின் 17ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, சீட்டின் பிடிமானம் புவியீர்ப்பின் 20 மடங்கு வேகக் குறைப்பைத் தாங்க வேண்டும் என்கிறது. 15 கிலோ சீட் அந்த நொடியில் 300 கிலோவாக இழுக்கும். பெல்ட்டின் பூட்டு சீட்டிலேயே பொருத்தப்பட்ட கார்களில், அமர்ந்திருப்பவரின் பாரத்தில் ஒரு பங்கும் இதே ஸ்டட்டுகளில் இறங்கும். சீட்டின் காலைத் தரையோடு நாலு புள்ளி வெல்ட் வைத்து அனுப்புவது சத்தத்தை நிறுத்தும். இந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்காது.

தரை இற்றிருந்தால் நல்ல தகடு தெரியும்வரை வெட்டி, புதுத்தகடு ஒட்டி, துளைக்குக் கீழே ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள அகலத் தகடு கொடுக்க வேண்டும். வெறும் வொஷர் மெல்லிய தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். வெல்ட் செய்த இடத்துக்குக் கறள் தடுப்புப் பூச்சும், விளிம்புக்கு சீலரும் அவசியம்.

நான்கு இணைப்புகளையும் முதலில் கையால் பிடிக்கவிட்டு, சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்த பிறகே இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது அந்தக் காரின் கைநூலில் இருக்கும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் சீட்டை யாரும் பார்ப்பதில்லை. எனவே கொஞ்ச நாள் ஓடியதும் ஸ்பானரை ஒருமுறை வைத்துப் பார்ப்பது உரிமையாளரின் வேலை. கார்ப்பெட்டின் அடிப்பஞ்சை வெயிலில் முழுதாகக் காயவைத்த பிறகே திரும்ப விரிக்கலாம்.