முதுகெலும்பு யாருக்காகத் தேய்ந்தது?

பட்டாளத்தில் சேர வருகிற வாலிபனைச் சும்மா சேர்த்துக்கொள்வதில்லை. உயரம், எடை, மார்பு, முதுகெலும்பு எல்லாம் பார்த்து, "உடல் தகுதி உண்டு" என்று எழுதிய பிறகே துப்பாக்கியைக் கொடுக்கிறார்கள்.

பிறகு? மலைமீது மூட்டை சுமக்கிறான். பனிப்பாதையில் லாரி ஓட்டுகிறான். ஆண்டுகள் பல கழிந்து, முதுகுத் தட்டு பிதுங்கி, நிமிர முடியாமல் ஊர் திரும்புகிறான். ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்டால், மருத்துவக் குழு எழுதுகிறது: "இந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை!"

தொடர்பில்லையாம்! சேரும்போது இல்லாத நோய் வானத்திலிருந்தா விழுந்தது?

1982-ஆம் ஆண்டு விதிகளைக் காட்டி, 2013-இல் உச்சநீதிமன்றமே சொன்னது: சேரும்போது குறிக்கப்படாத நோய், பணியினால் வந்ததாகவே கொள்ளப்பட வேண்டும், அல்ல என்றால் மெய்ப்பிக்க வேண்டியது அரசு, வீரனல்ல.

அதற்குப் பின்னும் வழக்குகள் ஓய்ந்தனவா? இல்லை. 2023-இல் விதிகளே மாற்றி எழுதப்பட்டன. முன்னாள் வீரர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள்.

தோழர்களே, மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு இந்த வலி தெரியும். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீரர் இருந்தால், சேர்ந்த நாளின் மருத்துவத் தாளைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். படைத்துறைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது.

முதுகை அளந்து வாங்கியவர்கள், அது தேய்ந்ததற்கும் கணக்குச் சொல்லட்டும்!