செய்தால் சிறை, வாங்கினால் ஜெர்மனி: விளையாட்டுத் துப்பாக்கியின் இந்தியக் கதை

புது தில்லி: துக்ளகாபாதில் உள்ள டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் தளத்தில் போட்டி தொடங்குவதற்கு முந்தைய அரைமணி நேரம். வீரர்கள் நீண்ட பெட்டிகளைத் திறக்கின்றனர். துப்பாக்கியோடு கூடவே வெளியே வருவது ஒரு சாவிக்கொத்து. திருகாணிகளைத் திருகும் சிறிய அறுகோணச் சாவிகள். கன்னம் பதியும் தாங்கியை ஒரு மில்லிமீட்டர் உயர்த்துகிறார் ஒருவர். தோளில் பதியும் தகட்டை இறக்குகிறார் மற்றொருவர். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் குறுக்களவு வெறும் அரை மில்லிமீட்டர். அதைத் துளைப்பவருக்குத் துப்பாக்கி என்பது தமது எலும்புக்கும் தசைக்கும் தைத்த சட்டை.

அந்தச் சட்டையைத் தைப்பவர் மட்டும் பெரும்பாலும் இந்தியர் அல்லர். ஜெர்மனியின் உல்ம் நகரில் இயங்கும் வால்தர், அன்ஷூட்ஸ், ஓபர்ன்டார்ஃபில் இயங்கும் ஃபைன்வெர்க்பாவ், ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆகியவையே சர்வதேசத் தரத்தில் சுடும் இந்தியர்களின் கைகளில் அதிகம் காணப்படும் பெயர்கள். உயர்தரக் காற்றுத் துப்பாக்கி ஒன்றுக்கே சில லட்சம் ரூபாய் தேவை.

விளையாட்டுத் துப்பாக்கியை முழுமையாக வாங்குவதா, பாகங்களைத் தேர்ந்து தாமே உருவாக்கிக்கொள்வதா என்பது அமெரிக்காவில் வார இறுதிப் பொழுதுபோக்கைச் சார்ந்த கேள்வி. தடை செய்யப்படாத எவரும் சொந்தப் பயன்பாட்டுக்குத் துப்பாக்கி செய்துகொள்ள அந்நாட்டின் மத்தியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. சில மாநிலங்கள்தான் கட்டுப்பாடு விதித்துள்ளன. அங்கே சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கி என்பது அதன் நடுவுடல் மட்டுமே. குழலும் கட்டையும் வெறும் உதிரி பாகங்கள், தபாலில்கூட வரும். எண் பொறிக்கப்படாத இத்தகைய துப்பாக்கிகள் குற்றங்களில் சிக்கத் தொடங்கியதால், பாகத் தொகுப்புகளையும் ஆயுதமாகவே கருதும் விதி 2022-ல் கொண்டுவரப்பட்டது. அதை 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது.

இந்தியாவில் இக்கேள்விக்கே இடமில்லை. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் ஆயுதத்தின் பாகங்களும் அடங்கும். ஆயுதம் செய்யும் எந்திரமும் அடங்கும். குழலைக் குறுக்கவும் உரிமம் வேண்டும். உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்பவருக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டுகள் சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்று 2019-ம் ஆண்டின் திருத்தம் கடுமையைக் கூட்டியது. ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. சர்வதேசப் பதக்கம் வென்றவர் 12 வரை வைத்திருக்கலாம்.

இக்கண்டிப்பின் வேர் 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தில் உள்ளது. 1857-ஐ மறவாத ஆட்சி, இந்தியரின் கையில் ஆயுதம் இருப்பதை அஞ்சியது. அகிம்சையின் பெயரால் அறியப்படும் காந்தியடிகளே 1918-ல் அச்சட்டத்தைக் கடுமையாகச் சாடியதை இன்று பலர் மறந்துவிட்டனர். சுதந்திர இந்தியா சட்டத்தை மாற்றி எழுதியது. ஐயத்தை முழுவதும் கைவிடவில்லை.

கங்கைக் கரையின் கைத்திறன்: அந்த ஐயம் ஒரு நகரத்தையே எவ்வாறு முடக்கும் என்பதற்கு பிகாரின் முங்கேர் சான்று. வங்க நவாப் மீர் காசிம் 1762-ல் தலைநகரை முர்ஷிதாபாதிலிருந்து இங்கு மாற்றினார். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்க்க ஆயுதம் வேண்டும். அவருடைய ஆர்மீனியத் தளபதி குர்கின் கான் இங்கே ஆயுதச்சாலையை அமைத்தார். 1764-ல் பக்ஸாரில் நவாபின் தரப்பு தோற்றது. ஆனால் இரும்பைக் குழலாக்கும் வித்தை முங்கேரிலேயே தங்கிவிட்டது.

இன்றும் அங்கு முப்பதுக்கும் மேற்பட்ட உரிமம் பெற்ற சிறு தொழிலகங்கள் காவல் கண்காணிப்பின்கீழ் ஒரே வளாகத்தில் உள்ளன. அவை செய்வது ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கிகள். அதாவது உட்புறம் வழவழப்பான குழல் கொண்டவை. குழலின் உட்புறத்தில் சுருள்வரி வெட்டினால்தான் அது ரைஃபிள். அந்த வரியே தோட்டாவைச் சுழலச்செய்து நேர்கோட்டில் செலுத்துகிறது. பல்லாண்டுக் காலம் அந்த வரியை வெட்டும் உரிமை அரசுத் தொழிற்சாலைகளுக்கே இருந்தது. 1956-ம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் ஆயுத உற்பத்தியை அரசுக்கு ஒதுக்கியதன் விளைவு இது. 12 போர் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பவர் குறையக் குறைய, முங்கேர் தொழிலகங்களின் வேலையும் குறைந்தது.

வளாகத்துக்குள் வேலையற்றுப்போன கைகள் வளாகத்துக்கு வெளியே என்ன செய்தன என்பதை நாடே அறியும். 2018-ல் முங்கேர் மாவட்டத்தில் 20-க்கும் மேற்பட்ட ஏ.கே.47 துப்பாக்கிகள் சிக்கின. பர்தா கிராமத்தில் ஒரு கிணற்றிலிருந்தும் அவை எடுக்கப்பட்டன. ஜபல்பூரில் உள்ள ராணுவத் தளவாடக் கிடங்கில் கழித்துக்கட்டப்பட்ட ஆயுதங்களின் பாகங்கள் கடத்தப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டு விற்கப்பட்டதாக விசாரணையில் தெரியவந்தது. உதிரி பாகத்தையும் ஆயுதமென்று ஏன் சட்டம் கருதுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் வீட்டுக் கொல்லையில் செய்பவரும், காவலர் நிற்கும் வாசலுக்குள் கணக்கெழுதிச் செய்பவரும் ஒன்றல்லர். பின்னவருக்கு வேலை இருந்தால் முன்னவருக்கு ஆள் கிடைப்பது அரிதாகும் என்ற எளிய கணக்கை எந்த அரசும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வேட்டை இல்லாத வேட்டைத் துப்பாக்கி: சட்டப்படி உள்நாட்டு ரைஃபிளை வாங்க விரும்புபவருக்கு நெடுங்காலமாகக் கிடைத்துவந்தது மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் அமைப்பே இதன் அடிப்படை. ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்களிடம் போகக்கூடாது என்பதற்காகவே வேறு அளவு தேர்ந்தெடுக்கப்பட்டது. பெயர் விளையாட்டு ரைஃபிள். ஆனால் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. ஒலிம்பிக் போட்டியிலும் இந்த ரைஃபிளுக்கு இடமில்லை. வயற்காவலுக்கும், வங்கி வாசலில் நிற்கும் காவலருக்கும், உத்தரப் பிரதேசக் கல்யாண ஊர்வலங்களில் கௌரவத்துக்கும் அது பயன்பட்டது.

எனவே இலக்கை நோக்கிச் சுடுபவர் வெளிநாட்டைத்தான் நாட வேண்டியிருந்தது. 1980-களில் துப்பாக்கி இறக்குமதி பொதுமக்களுக்கு நிறுத்தப்பட்ட பிறகு, விளையாட்டு அமைப்புகளுக்கும் தேசியப் போட்டியில் நிர்ணயிக்கப்பட்ட புள்ளியை எட்டிய வீரர்களுக்கும் மட்டுமே அந்த வாயில் திறந்திருந்தது. வாங்குவதிலும் ஒருவகை உருவாக்கம் உண்டு. 50 மீட்டர் வீரர் நடுவுடலையும் குழலையும் ஒரு நிறுவனத்திடமும், கட்டையை இன்னொரு நிறுவனத்திடமும் பெறுவார். பின்பு தோட்டா ஆலைக்கே துப்பாக்கியோடு சென்று, வெவ்வேறு தொகுதித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, தமது குழலுக்கு இணங்கும் தொகுதியை வாங்கி வருவார். ஐரோப்பிய வீரருக்கு அது ஒரு நாள் ரயில் பயணம். இந்தியருக்கோ விசா, விமானம், உரிமம், சுங்கம்.

இந்தியா ரைஃபிளில் வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் மூன்று. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவின் தங்கமும், 2012-ல் லண்டனில் ககன் நாரங்கின் வெண்கலமும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு உரியவை. தோட்டா ரைஃபிளில் முதல் பதக்கம் வர 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. பாரிஸில் அதை வென்ற ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ரயில்வே ஊழியர். கடலூரில் பிறந்து ஆமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவனும் காற்றுத் துப்பாக்கி வீராங்கனைதான். இது தற்செயல் அன்று. .177 அளவுக்கும் குறிப்பிட்ட ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பள்ளி மாணவரும் தொடங்கிவிடலாம்.

கதவு முழுதும் மூடியிருக்கிறது என்றும் சொல்ல இயலாது. 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும் 2017-ல் அவற்றில் செய்யப்பட்ட தளர்வும் தனியார் தயாரிப்பாளர்களுக்கு வழிவிட்டன. பெங்களூருவில் ஒரு தனியார் நிறுவனம் தொலைதூரம் சுடும் ராணுவ ரைஃபிள்களை வடிவமைத்துள்ளது. மும்பைப் பகுதியில் பயிற்சிக்கான காற்றுத் துப்பாக்கிகள் தயாராகின்றன. 2021 அக்டோபரில் 41 அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இஷாப்பூர் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின்கீழ் வந்தது. துல்லியமான குழலைத் துளைக்கும் திறன் இந்நாட்டில் இல்லை என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. ராணுவக் கொள்முதல் பெரிது, விளையாட்டுச் சந்தை சிறிது என்பதே மிச்சமிருக்கும் காரணம்.

தகுதிப் புள்ளியை எட்டாத இளைஞருக்கு இவை எதுவும் இன்னும் எட்டவில்லை. அவருக்குக் கிடைப்பது சுடும் சங்கத்தின் பொதுத் துப்பாக்கி. காலையில் ஒருவர், மதியம் இன்னொருவர், மாலையில் மூன்றாமவர். தம் முறை வந்ததும் கன்னத் தாங்கியையும் தோள் தகட்டையும் தமக்கேற்றவாறு திருகிக்கொள்வதற்காக, அந்த அளவுகளை ஒவ்வொருவரும் தத்தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்கின்றனர்.