உங்களுக்குத் தெரியுமா? இலைக்கு ஒரு சத்து, பூவுக்கு ஒரு சத்து!

● உர மூட்டையில் 19:19:19 என்று அச்சிட்டிருக்கும் எண்கள் முறையே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்தின் சதவீதம். யூரியா 46:0:0, டிஏபி 18:46:0, பொட்டாஷ் 0:0:60. இந்த மூன்று எண்களைப் படிக்கத் தெரிந்தால், எந்தப் பருவத்துக்கு எந்த மூட்டை என்பது பாதி புரிந்துவிடும்.

● இளம் செடி தழைத்து வளரத் தழைச்சத்துதான் முக்கியம். பூக்கும் பருவத்திலும் அதையே அள்ளிக் கொட்டினால், மாடித் தக்காளி கருகருவென்று வளரும். பூ மட்டும் எட்டிப் பார்க்காது. கொழுத்த இளந்தளிரைத் தேடி அசுவினி வேறு வந்து அப்பிக்கொள்ளும்.

● மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. மேலே தூவினால் மேலேயே கிடக்கும். அதனால்தான் அதை அடியுரமாக, வேருக்கு அருகில் இடச் சொல்கிறார்கள். பூ வேண்டும் என்ற ஆசையில் அளவுக்கு மீறிப் போட்டாலோ, துத்தநாகமும் இரும்பும் செடிக்குச் சரியாகக் கிடைக்காது.

● குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசியில் கவாத்து. செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல் சத்து 120 என்பது பரிந்துரை. இதில் பாதியைக் கவாத்து முடிந்ததும், மீதியை ஜூன்-ஜூலையிலும் இட வேண்டும். பூச்செடி என்பதால் மற்ற இரண்டும் தழைச்சத்தைப் போல இரு மடங்கு!

● உளுந்து, பாசிப்பயறு பூக்கத் தொடங்கியதும் 2 சதவீத டிஏபி கரைசலை இலையில் தெளிப்பது தமிழக விவசாயிகளுக்குப் பழகிய முறை. ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல் நாள் இரவே கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கி மாலையில் அடிப்பார்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை. பூ உதிர்வது குறையும், காய் திரளும்.

● இயற்கை வழியில் போகிறவர்கள் பஞ்சகவ்யாவை 3 சதவீதமாக, அதாவது லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கிறார்கள். அதை விவசாயத்தில் பரப்பியவர் கொடுமுடி டாக்டர் நடராஜன். துணியில் வடிகட்ட மறந்தால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்.

● அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. பழைய இலையிலிருந்து உருவி, புதுத் தளிருக்கு அனுப்பிவிடுகிறது செடி. இரும்பை அப்படி இடம் மாற்ற முடியாது. அதனால் அந்தக் குறை குருத்திலேயே தெரியும்: நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளுக்கும்.

● அடுப்புச் சாம்பலில் சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, தழைச்சத்து கிடையாது. தொட்டிக்கு ஒரு சிட்டிகை போதும். கூடிப்போனால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இருக்கிற இரும்பும் வேருக்கு எட்டாது.

● தக்காளிக் காயின் அடி கறுத்துப்போவது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால். பெரும்பாலும் அதற்குக் காரணம், இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றுவதுதான். உரத்தை மாற்றும் முன் நீர் பாய்ச்சும் பழக்கத்தை மாற்றுங்கள்.

● சாமந்தி மொட்டு விடுவதைத் தீர்மானிப்பது இரவின் நீளம். இரவு நீளும் பருவம் வராமல் எந்தப் 'பூ உர'மும் அதை அசைக்காது. உரக்கடைக்குக் கிளம்பும் முன் காலண்டரையும் ஒரு தரம் புரட்டிவிடுங்கள்!