கூலி கொடுக்காமல் கட்டிய கடவுள் கோட்டை: அஸ்கார்டின் அசல் கதை

மார்வெல் படங்களில் வரும் அஸ்கார்டைப் பார்த்திருப்பீர்கள். தங்கத்தில் இழைத்த நகரம், வானவில் பாலம், சுத்தியலோடு தோர். 2017-ல் வந்த 'தோர்: ரக்னராக்' படத்தில் அந்த நகரமே அழிந்துபோகும். ஆனால், வட ஐரோப்பாவின் பழைய கதைகளில் இருக்கும் அஸ்கார்ட் வேறு மாதிரி. அங்கே சிக்கலே ஒரு மதில்சுவர் கான்ட்ராக்டில்தான் வருகிறது.

பெயரிலேயே வேலி

ஓடின், தோர் முதலான கடவுள்களின் கூட்டத்துக்கு 'ஏசிர்' என்று பெயர். 'கார்ட்' என்றால் வேலியோ மதிலோ சூழ்ந்த இடம். ஆங்கிலத்தின் 'யார்டு', 'கார்டன்' எல்லாம் இதன் உறவுக்காரச் சொற்கள்தான். ஆக, அஸ்கார்ட் என்றால் கடவுள்களின் காம்பவுண்டு என்று சொல்லலாம்.

உள்ளே ஓடினுக்கு ஓர் உயர்ந்த ஆசனம். அதில் உட்கார்ந்தால் எல்லா உலகங்களும் தெரியும். போரில் மாண்ட வீரர்கள் தங்கும் வல்ஹல்லா மாளிகைக்கு 540 வாசல்கள். வாசலுக்கு 800 பேர். பெருக்கினால் 4,32,000. கலியுகத்தின் ஆண்டுக் கணக்கும் இதேதானே என்று முடிச்சுப் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பழைய ஐஸ்லாந்தில் 'நூறு' என்பது 120-ஐக் குறிப்பதும் உண்டு. அப்படி எண்ணினால் கணக்கே மாறிவிடும்.

இன்னொரு விஷயம்: சினிமாவில் வானவில் பாலத்தில் வந்து இறங்கும் தோர், கதையில் தினமும் ஆறுகளில் இறங்கி நடந்துதான் கடவுள்களின் சபைக்குப் போகிறார்!

கொத்தனார் வந்தார்

மதில்சுவர் கதைக்கு வருவோம். முன்பின் தெரியாத ஒரு கொத்தனார் வருகிறார். அரக்கர்கள் நுழைய முடியாத மதிலை ஒன்றரை வருஷத்தில் கட்டித் தருவதாகச் சொல்கிறார். கூலி? பெண் கடவுளான ஃப்ரேயா, கூடவே சூரியன், சந்திரன்.

கடவுள்கள் யோசித்தார்கள். ஒரே குளிர்காலத்தில், ஆள் துணை இல்லாமல் முடிக்க வேண்டும். கோடையின் முதல் நாளில் ஒரு கல் பாக்கி இருந்தாலும் கூலி கிடையாது என்றார்கள். முடிக்கவே முடியாத டெட்லைன். வேலையும் முக்கால்வாசி நடந்துவிடும், காசும் மிச்சம். இந்த வகை கிளையன்டை நம்மில் பலருக்குத் தெரியும்.

கொத்தனார் கேட்டது ஒன்றே ஒன்று: என் குதிரையை வைத்துக்கொள்ளலாமா? லோகி சொன்னதால் சரி என்றார்கள். தோர் ஊரில் இல்லாத நேரம். அவர் திரும்பி வந்தாலும் தன் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார் கொத்தனார்.

குதிரை அவரைவிட இரண்டு மடங்கு வேலை செய்தது. கோடைக்கு மூன்று நாள் இருக்கும்போது வாசல் மட்டும்தான் பாக்கி. பயந்துபோன கடவுள்கள் லோகியை மிரட்ட, அவர் பெண் குதிரையாக உருமாறி அந்தக் குதிரையைக் காட்டுக்குள் இழுத்துப் போனார். வேலை நின்றது. ஆத்திரத்தில் கொத்தனாரின் சுயரூபம் வெளிப்பட்டது. அவரே ஓர் அரக்கர். சத்தியம் காற்றில் பறந்தது. தோர் வந்தார், சுத்தியலால் ஒரே அடி. பிறகு லோகி எட்டுக் கால் குதிரைக் குட்டி ஒன்றை ஈன்றதாகவும், அதுவே ஓடினின் வாகனமானதாகவும் கதை போகிறது.

பலரும் இதை அந்தக் குதிரைக்காகவே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். எனக்கு உறுத்துவது அந்தச் சத்தியம். உலகத்தின் முடிவைச் சொல்லும் பழைய கவிதையான 'வொலுஸ்பா'வும் சத்தியம் உடைந்ததைத் தனியாகக் குறிப்பிடுகிறது. கொத்தனார் அரக்கர் என்பதால் வாக்கு செல்லாது என்று அது கடவுள்களுக்குச் சலுகை தரவில்லை.

எழுதி வைத்தது யார்?

மதில் கதையை விரிவாக எழுதியவர் ஐஸ்லாந்தின் அரசியல்வாதியும் கவிஞருமான ஸ்னோரி ஸ்டர்லூசன், சுமார் 1220-ல். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி அப்போதே 200 வருஷம் ஆகிவிட்டது. அதனால் அவர் இந்தக் கடவுள்களை ஆசியாவிலிருந்து வந்த மனிதர்கள் என்றே விளக்கினார். அதை நம்பி, நார்வே ஆய்வுப் பயணி தோர் ஹெயர்தால் 2001-ல் ரஷ்யாவின் அசோவ் நகரில் தோண்டியும் பார்த்தார். வரலாற்று ஆய்வாளர்கள் அவர் முடிவை ஏற்கவில்லை.

கடைசியில் என்ன ஆகிறது?

ரக்னராக் நாளில் நெருப்பு உலகத்தின் படை ஏறியதும் வானவில் பாலம் உடைகிறது. அன்று மதிலைக் காப்பாற்றிக் கொடுத்த லோகி இப்போது எதிரிப் படையில் வருகிறார். ஓடினை ஓநாய் விழுங்குகிறது. பாம்பின் விஷத்தில் தோர் சாகிறார்.

பிறகு கடலிலிருந்து பச்சைப் பசேல் என்று புதிய பூமி எழும்புகிறது. அஸ்கார்ட் இருந்த இடத்தில் இப்போது புல்வெளி. மிஞ்சிய சில இளைய கடவுள்கள் அங்கே உட்கார்ந்து பழங்கதை பேசுகிறார்கள். புல்லுக்குள் ஏதோ மின்னுகிறது. எடுத்துப் பார்த்தால், பெரியவர்கள் ஒருகாலத்தில் விளையாடிய தங்கக் காய்கள்.